பேச்சில்லை, மூச்சுண்டு

பள்ளத்தூரில் லாரியிலிருந்து ஹார்ப்சிகார்டை
ஏழு பேர் இறக்கினார்கள்.
சமையல் அண்டா இறக்கிப் பழகிய கைகள்.
"இந்தக் கனம் கனக்குதே, உள்ள யாரு படுத்திருக்கா?"
என்றார் ஒருவர்.
உமையாள் சிரிக்கவில்லை.
கீரனூரிலிருந்தே அவள் சிரிக்கவில்லை.

லியாண்டரும்தான்.
டீக்கடையில், மூன்றாம் பகுதியின் வேகம் பற்றித்
தொடங்கிய சண்டை
திருமயம் தாண்டும்போது
இது யாருடைய குழு என்பதில் வந்து நின்றது.
பிறகு பேச்சில்லை.
சேதியெல்லாம் என் வழியாகப் போனது.
இரண்டாம் வயலின் என்றால் அப்படித்தான்,
இரு சம்பந்திகளுக்கு நடுவே
தாம்பாளம் தூக்குகிறவன்.

எங்கள் முன்னால் கோல் பிடித்து நிற்க ஆள் கிடையாது.
முந்நூறு வருஷத்து வழக்கம்:
நடத்துகிறவர் வாசித்துக்கொண்டேதான் நடத்த வேண்டும்.
லியாண்டர் வில்லை ஒரு விரற்கடை உயர்த்துவான்,
உமையாள் புருவத்தை.
கூடவே ஒரு மூச்சு,
மூக்கால் சட்டென்று உள்ளே இழுப்பது.
"ஆரம்பி" என்பதற்கு எங்களிடம் வேறு சொல் இல்லை.

இப்போது இரண்டு மூச்சு வந்தது.
நான் அவனோடு போனேன்,
ஷெரினின் செல்லோ அவளோடு.
வயோலா காசிலிங்கம்
இரண்டுக்கும் பொதுவாக, வழக்கம்போல, தாமதம்.
ஈரக்காற்று ஆகாத உடம்பு அவருக்கு.

வீடும் உதவவில்லை.
முட்டைவெள்ளை பூசி வழவழவென்று தேய்த்த சுவர்
கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தது,
வட்டியோடு.
ஐப்பசி ஈரத்தில் குடல்நரம்புத் தந்திகள்
காலையில் ஒரு சுருதி,
கந்தரப்பம் வந்து போவதற்குள் இன்னொன்று.

இரண்டாம் நாள் ஹார்ப்சிகார்டுக்குள்
தந்தியை மீட்டும் இறகுமுள் ஒன்று முறிந்தது.
உமையாள் வளவில் இறங்கினாள்.
எச்சில் இலைக்கு வந்த காக்கை உதிர்த்ததைப் பொறுக்கி
பிளேடால் சீவிப் பொருத்தினாள்.
லியாண்டர் பார்த்துக்கொண்டேயிருந்தான்.
"அவளிடம் சொல், இன்னும் ஒரு மயிரிழை குறைக்கலாம்."
சொன்னேன்.
"தெரியும் என்று சொல்."
குறைத்தாள்.

மணிவிழா மாலை.
நாச்சியப்பன் எங்களை ஏன் அழைத்தார் என்று
நாச்சியப்பனின் மனைவிக்கே தெரியவில்லை.
முன்வரிசையில் பட்டுப்பாவாடைகள்,
பின்னால், எப்போது முடியும் என்ற முகங்கள்.
தாள்கள் பறக்காமல் துணிக் கிளிப் மாட்டியிருந்தோம்.
இரண்டாம் பகுதி முடிந்தது.
மின்சாரம் போனது.

ஜெனரேட்டர்காரர் பந்தியில் இருந்தார்.

தாள் தெரியவில்லை. வில் தெரியவில்லை.
புருவம் எங்கே தெரிவது?
அடுத்தது, கீழிறங்கும் நான்கு சுரங்கள்
திரும்பத் திரும்ப வரும் பகுதி.
மனப்பாடம்தான்.
எப்போது என்பதுதான் தெரியாது.
வளவுக்கு மேலே மேகம்.
யாரோ டம்ளர் உருட்டினார்கள்.
அப்போது ஒரு மூச்சு,
நீளமாக, கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து.

ஐவரும் ஒன்றாக விழுந்தோம்.

லியாண்டர் கேட்ட வேகமல்ல அது.
உமையாள் கேட்டதுமல்ல.
இருட்டில் வெற்றிலைச் செல்லத்தைத் தடவி எடுக்கும்
கையின் வேகம் அது.
நான்கு சுரமும் படியிறங்கி,
திரும்ப மேலேறி, திரும்ப இறங்கியது.
காக்கை இறகு மீட்டிய சுரம் வரும்போதெல்லாம்
லியாண்டர் வில்லை ஒதுக்கி அதற்கு இடம் விட்டான்.
காசிலிங்கம், கல்யாணி முதல் பள்ளத்தூர் வரை
என்று அவரைக் கேலி செய்வோம்,
அன்று ஒரு இடத்திலும் பிந்தவில்லை.

விளக்கு வந்தது. விசிறி சுற்றியது.
மூன்று நாளில் முதன்முறையாக
உமையாள் அவனிடம் நேராகக் கேட்டாள்:
"நீ கொடுத்ததா?"
"நானில்லை. நீ என்று நினைத்தேன்."
"பொய்."
"சத்தியமாக."

வயோலாப் பெட்டிக்குள் கைவிட்டு
காசிலிங்கம் இன்ஹேலரைத் துழாவிக்கொண்டிருந்தார்.
பார்த்தேன்.
மூச்சு விடவில்லை யாரிடமும்.

கடைசிப் பகுதி, வேகமானது.
லியாண்டர் வில்லைத் தூக்கி அவளைப் பார்த்தான்.
உமையாள் புருவத்தைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.
நீ கொடு, இல்லை நீ,
என்று அந்த மரியாதை நீண்டது.
சபை இருமியது.
ஷெரின் பொறுமையிழந்து தானே தொடங்கிவிட்டாள்.