பதினொன்று ஐம்பத்திரண்டு

ஊசிக்கல் அஞ்சல் நிலையம் ஏலத்துக்கு வருகிறது.
பொருட்பட்டியல் எழுத என்னை அனுப்பினார்கள்,
ஒரு கார்பன் தாளோடு, இரண்டு நாள் படிக்காசோடு.

அஞ்சல் என்றால் தபால். அஞ்சல் என்றால் பயப்படுதல்.
இந்தக் கட்டடத்தில் அஞ்சல் என்றால்
கொழும்பு பேசியதை வாங்கி
மூச்சு மாறாமல் மலைக்கு அந்தப் பக்கம் கொடுப்பது.

மின்மாற்றி ஒன்று, எண்ணெய் வடிந்தது.
கண்ணாடி வால்வு ஏழு,
உடைந்த ஒன்றுக்குள் குளவி மண் பூசியிருக்கிறது.
கோபுரம், இருநூற்றுப் பத்தடி.
அதன் இழுவைக் கம்பியில்
யாரோ காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை.
சட்டையை நான் எழுதவில்லை.

ஒன்பதாம் நம்பர் மலையில்
ஆயிரத்துச் சொச்சம் தேயிலை பிடுங்கி
இதை நட்டார்களாம்.
பிடுங்கியவர்களுக்கு அன்று அரைப்பேர்தான் விழுந்ததாம்.
மண்ணுக்குள் நூற்றிருபது செம்புக் கம்பிகள்
வெயில் வரைந்த மாதிரி விரிந்து கிடக்கின்றன,
மேலே மறுபடி தேயிலை.
பழைய இரும்பு வாங்கும் நசூர்தீன்
அதை மட்டும்தான் விசாரித்தார்.

பதிவேடு முப்பத்தொன்று, கரையான் விட்டுவைத்தது பத்தொன்பது.
கோவா விலை. லீக்ஸ் விலை. இடியுடன் கூடிய மழை.
மரண அறிவித்தல்: பதுளையில் அண்ணன்,
பொகவந்தலாவையில் தங்கச்சி,
கடைசி பஸ் நாலு மணிக்கு,
ஆகவே இரண்டு தரம் வாசிக்கவும்.
ஊரடங்கு. ஊரடங்கு.
இரண்டு மணித்தியாலம் தளர்வு.
ஊரடங்கு.
அந்தப் பக்கங்களில்
கையெழுத்துச் சிறுத்துப்போயிருக்கிறது.

கோபுரத்துக்குப் பத்து கிலோவாட்,
கீழே லயத்துக்குக் குப்பி விளக்கு.
ஆனாலும் கசியும் எதையும் யாரும் பூட்டிவைக்க முடியாது.
மழை ஈரத்தில் முள்வேலியின் துரு மூட்டு
கரகரத்து ஒருநாள் செய்தி வாசித்ததாம்,
கொழுந்துக் கூடையோடு பெண்கள் நின்றுவிட
கங்காணி வேலியை அதட்டினாராம்.
நிலையத்துக் குப்பையில் பொறுக்கிய
பழைய டியூப் லைட்டைக்
கோபுரத்தடியில் தூக்கிப் பிடித்தால்
வயர் இல்லாமலே எரியும்,
செய்தி வாசிப்பவர் குரலை உயர்த்தினால்
கொஞ்சம் கூடுதலாக.

பதினேழாம் பதிவேடு, ஐப்பசி மழைக்காலம்,
எதிரிவீர மாத்தையாவின் இரவு முறை:
"11.00 ஒலிபரப்பு நிறைவு.
11.52 அலை நிறுத்தம்.
காரணம்: வெளிச்சம்."

ஐம்பத்திரண்டு நிமிடம்
நாட்டின் பாதிக்கு
ஒன்றுமே பேசாத ஒன்றை அனுப்பியிருக்கிறார்.
வானொலியை அணைக்க மறந்து தூங்கியவர்களின் அறைகளில்
இரைச்சல்கூட இல்லாத அமைதி.
அடுத்த பக்கத்தில் குண்டூசியால் குத்திய கடிதம்:
விளக்கம் திருப்தியில்லை,
டீசல் பதினாறு லீற்றர் சம்பளத்தில் கழிக்கப்படும்.

வேலிக்கு அந்தப் பக்கம் கவ்வாத்து வெட்டியவர்களிடம் கேட்டேன்.
காத்தாயிக்குப் பிள்ளை பிறந்த ராத்திரி அது,
கால் முன்னால வந்துச்சு,
ஆஸ்பத்திரி ரோட்டுல மண்சரிவு,
கோபுரத்தடிக்கே தூக்கிட்டு வந்தோம்,
நாலு பேர் நாலு டியூப்பைப் பிடிச்சோம் என்றார் ஒருவர்.
பிள்ளையா? ஆடுய்யா அது,
செவலை ஆடு, ரெண்டு குட்டி, என்றார் மற்றவர்.
பிள்ளைதான். ஆடுதான்.
கவ்வாத்துக் கத்தியோடு கை நீட்டிப் பேசிக்கொண்டார்கள்.
மாத்தையா ஜன்னலில் நின்றதில் மட்டும்
இருவருக்கும் சந்தேகமில்லை.

நான் திரும்பி வந்து எழுதினேன்:
மர அலமாரி இரண்டு, ஒன்றுக்குச் சாவி இல்லை.
சுவர்க் கடிகாரம், ஓடாது.
பதிவேடு பத்தொன்பது, நிறுவைக்கு.
பிறகு பத்தொன்பதைப் பதினெட்டாக்கினேன்,
கார்பன் தாளிலும் அழுத்தி.

மழை மூட்டம் கூடியது.
ஒரு சிறுமி ஓடிவந்து
இழுவைக் கம்பியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு
என்னைப் பார்க்காமலே
லயத்துக்கு இறங்கிப் போனாள்.