காசு, காது

வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி
நான் "காசு" என்று சொன்னேன்.
லோகஷினி "காது" என்று எழுதியிருந்தாள்.
சிவப்புப் பேனா பழக்கதோஷத்தில்
ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு
அடுத்த வரிக்கு இறங்கியது.
பாசிக்குப் பாதி.
மாசுக்கு மாது.
பூசணிக்கு வெற்றிடம்.
இருபதுக்கு ஆறு.

போன வருட அறிக்கையில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது: கவனக் குறைவு.
அதற்கு முந்தின வருடம் வேறொருவர்: சோம்பல்.

ஆசிரியர் அறையில் மீஹூன் பொட்டலத்தைப் பிரித்தபடி
அறிவியல் வேலப்பன் சார் சொன்னார்,
"எதையும் காதுல வாங்காது அந்தப் பிள்ளை."
அவர் மீசை மேலுதட்டை மூடிக் கீழுதட்டைத் தேடும்.
ஓவிய டீச்சருக்கு ஆச்சரியம்:
"என் வகுப்புல சொல்லி முடிக்கிறதுக்குள்ள செஞ்சிருமே."
அவர் உதட்டுச் சாயம்
எப்போதும் செம்பருத்திச் சிவப்பு.
இரண்டையும் கேட்டுக்கொண்டு
நான் மைலோ குடித்தேன்.

புதன்கிழமை. பட்டர்வொர்த்தில் கொட்டுகிற மழை.
வெண்பலகைப் பக்கம் திரும்பி நின்று
"ஏட்டை மூடுங்க" என்றேன்.
துடைப்பானை எடுக்கத் திரும்பியபோது பார்த்தேன்:
எல்லா ஏடுகளும் மூடியிருந்தன.
அவள் பக்கத்துப் பையனின் கையைப் பார்த்தாள்,
பிறகு மூடினாள்.

அந்தப் பிறகு ஒரு மூச்சு நீளம்.
மூன்று வருடமாக
அந்த ஒரு மூச்சுக்குள்தான்
இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் படித்திருக்கிறது.

ஓய்வு நேரத்தில் புத்தகத்தால் வாயை மறைத்துக் கேட்டேன்:
"சாப்பிட்டியா?"
சிரித்தாள்.
"உன் மேசையில பாம்பு இருக்கு."
அதே சிரிப்பு.

பாரம் நான்கு பக்கம், மலாயில்.
எப்போதிலிருந்து கவனிக்கப்பட்டது என்று
தேதி கேட்டது.
புதன்கிழமை என்று எழுத வெட்கமாக இருந்தது.

பிறையில் இரவு வேலை முடித்து
தொழிற்சாலைச் சட்டையோடு அம்மா வந்தார்.
"செவிடுன்னு எழுதப் போறீங்களா?
நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தா
அந்த அட்டைதானே முதல்ல போயி உக்காரும்?"
என்னிடம் பதில் இல்லை. ஏட்டைத் தள்ளினேன்.
விரல் வைத்து வாசித்தார்.
காசு. காது. பாசி. பாதி.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"டிவிய சத்தமா வைக்குதுன்னு
அடிச்சிருக்கேன் டீச்சர்."
பேனா கேட்டார்.

செபராங் ஜெயாவில் தவணை கிடைக்க நான்கு மாதம்.
அதுவரை நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
அவள் மேசையை முன்னுக்கு இழுத்தேன்.
ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்றேன்.
எழுதும்போது பேசுவதை நிறுத்தினேன்
(அதுதான் கஷ்டம், பதினேழு வருடப் பழக்கம்).
வேலப்பன் சார் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார்.
கேட்டதற்கு, வெயில் என்றார்.

கருவி வந்தபோது தீபாவளி முடிந்திருந்தது.
முதல் நாள் அழுதாள்.
சிற்றுண்டிச்சாலையில் கரண்டிகள் அப்படிக் கத்தும் என்று
அவளை யாரும் எச்சரிக்கவில்லை.
இரண்டாம் நாள் பென்சில் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாள்.
மூன்றாம் நாள் ஒரு காதில் மட்டும்.

அடுத்த வாரம், வருகைப் பதிவு.
"லோகஷினி."
எழுந்தாள். உட்காரவில்லை.
"டீச்சர், என் பேருக்கு நடுவுல
காத்து வருது."

ஆமாம் என்றேன்.
அடுத்த பெயரைக் கூப்பிட
கொஞ்சம் நேரமானது.