மோட்டார் ரூமுக்குப் பின்னால்

ஐப்பசி பிறந்த மறுநாள் விடிகாலை,
மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே,
கண்ணாடியில் மோதி விழுந்து கிடந்தது.
யாரோ கொடியிலிருந்து தவறவிட்ட
குழந்தைச் சட்டை என்று நினைத்தேன்.
சட்டை மூச்சுவிட்டது.

பச்சை முதுகு. தோளில் ஒரு சொட்டு நீலம்:
பேனா மை அல்ல,
கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் வருமே, அது.
கண்ணின் மேல் கறுப்புப் பட்டை,
அதற்கும் மேல் வெள்ளைப் புருவம்.
வாலடியில் மட்டும்
யாருக்கும் காட்ட விரும்பாததுபோல் சிவப்பு.
வால் என்று சொல்லவும் அங்கே அதிகமில்லை.
துணி போதாமல் தையற்காரர் நிறுத்திய இடம்.

வேளச்சேரி டாக்டர் தேன்மலர் ஃபோனில் சொன்னார்:
"ஆறுமணிக்குருவி. ராத்திரியெல்லாம் பறந்து வருவது.
உங்கள் மாடி விளக்கு ஏமாற்றியிருக்கும்.
தண்ணீர் ஊற்றாதீர்கள். இருட்டுதான் மருந்து."
செருப்பு டப்பாவில் துளை போட்டு மூடி,
ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.
காரணம்: காய்ச்சல்.

மாலை மூடியைத் திறந்தால் பறக்கவில்லை.
வாடகைக்கு இடம் பார்க்க வந்தவர்போல்
இரண்டு தத்தல், ஒரு நிற்றல்,
பிறகு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனது.
காம்பவுண்டுச் சுவர்வரை பதினோரடி.
கேட்டின் சாவி தொலைந்து நான்கு வருடம்.
நான்கு வருடத்துப் புங்க இலை,
யாரும் பெருக்காத, யாரும் கொளுத்தாத
ஒரே சேமிப்பு, கோட்டூர்புரத்தில்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.
பழைய ரசீதுகளைப் புரட்டுகிற மாதிரி
இலையைக் கவ்வும், எறியும், கீழே பார்க்கும்.
கறையான். எறும்பு முட்டை. வண்டுப் புழு.
ஒருநாள் மண்புழுவோடு இழுபறி:
இழுத்தவாறே பின்னால் உட்கார்ந்துவிட்டது.
குட்டை வால் மேலும் கீழும் ஆடியது,
கோபமா, வழக்கமா, தெரியவில்லை.

இரண்டே சுரம். ஏறி ஒன்று, இறங்கி ஒன்று.
நான் கணக்கெழுதுகிறவன், கட்டம் போட்டேன்.
கார்த்திகையில் காலை 5.44, தையில் 6.11.
ஆறு மணி என்பது
யாரோ ரவுண்டு பண்ணிய தொகை.
அது மணி பார்ப்பதில்லை,
இலைக்குக் கீழே இலை தெரிகிற வெளிச்சம் பார்க்கிறது.

மார்கழியில் சுவருக்கு அப்பாலிருந்து இன்னொரு குரல்.
ஒரு வாரம் எல்லைத் தகராறு.
பக்கத்துப் பிளாட்டுக்காரர்களோடு
நாங்கள் கோர்ட்டில் இருப்பதும் அதே சுவருக்காகத்தான்.
அவை எட்டாம் நாள் முடித்துக்கொண்டன.

இரவுக் காவலுக்கு எத்வா ஓராவ்ன், கும்லா பக்கம்.
"எங்க ஊர்ல மழையோட வரும் சார்.
சுள்ளியில பந்து மாதிரி கூடு, சைடுல வாசல்.
அங்க கல்யாணம், குழந்தை எல்லாம்.
இங்க சும்மா டூட்டி."
சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போனான்.

தைக் கூட்டத்தில் நான்காவது தீர்மானம்:
பின்பக்கம் சுத்தம் செய்து சிமெண்ட் போடுவது,
ஏழு டூவீலர் நிறுத்தலாம், எண்பத்தாறாயிரம்.
செயலாளர் டெய்சி ஜெபராஜ் என்னைப் பார்த்தார்.
பொருளாளர் நான்தான்.
"நிதி இல்லை" என்றேன்.
இருந்தது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
இருபத்தாறு வருடத் தொழிலில்
ஒரு தொகையை மறைத்தது அன்றுதான்.
காய்ச்சல் தனிக் கணக்கு.

சித்திரை ஒன்பதாம் நாள் மாலைக் கட்டம் காலி.
மறுநாளும்.
புழுக்கத்தில் இலைகள் அசையாமல் கிடந்தன,
ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து
எல்லாவற்றையும் கலைத்துக் கத்திவிட்டுப் போனது.

ஆனியில் எத்வா ஊருக்குக் கிளம்பினான்.
தன்பாத் எக்ஸ்பிரஸ், வெயிட்டிங் லிஸ்ட் நாற்பது.
பையைத் தூக்கியவனிடம் சொன்னேன்,
அங்கே அது வந்திருக்கிறதா, பார்.
சிரித்தான்.
"அங்க நூறு இருக்கும் சார்.
உங்களுது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

என்னுடையது என்று நான் சொல்லவில்லை.
சொன்னேனா?