மூன்றாம் வகுப்பு ஆர்மோனியம்

மெய்க்திலா ஏரிக்கரை. நாற்பத்தைந்தாம் வருஷம், ஜூன்.
சண்டை தெற்கே போய்விட்டது.
எனக்கு மிஞ்சியவை மூன்று பேரேடுகளும்
ஒரு கால் குட்டையான மேசையும்.

ரயில்பெட்டி போல சந்தோஷத்துக்கும் வகுப்பு உண்டு.
ஓட வைப்பது, குதிக்க வைப்பது முதல் வகுப்பு:
கால்பந்து, இழுபறிக்கு வடம்.
சிப்பாய் திடமாவான், ஆகவே முழுக்க சர்க்கார் பணம்.
வாசிக்க வைப்பது இரண்டாம் வகுப்பு:
பாதி சர்க்கார், பாதி கம்பெனி.
சும்மா சிரிக்க வைப்பது மூன்றாம் வகுப்பு.
அதற்குச் சல்லிக்காசு கிடையாது.
கேன்டீனில் அவனவன் குடிக்கும் டீயில்
ஓரணாவுக்கு ஒரு தம்பிடி ஒதுங்குமே,
அந்தத் தம்பிடிகள் சேர்ந்துதான் சிரிக்க வேண்டும்.

நேற்று சேவுகன் ஆர்மோனியத்தைச் சுமந்து வந்தான்.
லாரியில் நனைந்து துருத்தி கிழிந்திருந்தது.
அமுக்கினால் காசநோய்க்காரன் மாதிரி இழுத்தது.
"ரைட்டரய்யா, இதை எதுல போடுவீங்க?"

மூன்றாம் வகுப்பு.
இருப்பு இரண்டு ரூபாய் ஒன்பதணா.
எரிந்த செட்டியார் கிட்டங்கி வாசலில்
பாய் விரித்து விற்கும் கோ த்வின்
தோலுக்கு மட்டும் ஏழு ரூபாய் கேட்கிறான்.

பிப்ரவரியில் நூற்றுப்பத்துப் பேர் டீ குடித்தார்கள்.
ஏப்ரலில் எழுபத்தொன்று.
ஏன் என்று எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.
செத்தவன் டீ குடிப்பதில்லை,
இருப்பவன் சிரிப்புக்கும் அதனால் காசு குறைகிறது.
மேஜர் ஹால்டேனிடம் இதைச் சொன்னேன்.
பைப்பைத் தட்டிக்கொண்டே,
பரீட்சைக்குப் படித்த தமிழில்
"விதி" என்றார்.
தலையெழுத்தைச் சொன்னாரா, சட்டத்தைச் சொன்னாரா,
எனக்குப் புரியவில்லை. அவருக்கும்தான்.

ராத்திரி அரிக்கேன் திரியை ஏற்றி எழுதினேன்:
'பூட்ஸ் பழுதுபார்க்கத் தோல், பெரிய துண்டு ஒன்று.
சர்க்கார் கணக்கு.'
யார் பூட்ஸ் என்ற கட்டத்தில்
மாடக்கண்ணுவின் நம்பரைப் போட்டேன்.
அந்த ஆர்மோனியத்தை வாசித்தவன் அவன்தான்.
மார்ச் மாதத்திலிருந்து
அவனுக்குப் பூட்ஸ் தேவைப்படவில்லை.

ரங்கூனிலிருந்து ஒருநாள் ஆடிட்டர் வருவார்.
இவன் எங்கே நடந்து தோலைத் தேய்த்தான் என்பார்.
வரட்டும்.

இப்போது நான்காம் கூடாரத்தில்
சேவுகன் தப்புத்தப்பாய் வாசிக்கிறான்.
எவனோ அவனைத் திட்டுகிறான், எவனோ தாளம் போடுகிறான்.
கறுப்புக்கட்டை ஒன்று மட்டும் அமுங்கினால் எழவில்லை.
கொஞ்சம் பசை வேண்டும் என்றான்.

பசையை ஸ்டேஷனரியில் போட்டுக்கொள்ளலாம்.