பத்து இருபது நடை

சளி வந்தது மார்கழிக் கடைசியில்.
மூக்கு ஒழுக ஒழுக டிக்கெட் கொடுத்தேன்,
தும்மிய கையாலேயே சில்லறையும்.
ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
சளி கௌரவமான நோய்.
"என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்க
ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் உண்டு.

பொங்கலுக்கு மறுநாள்
மூக்கு நின்றது.
வயிறு தொடங்கியது.

இன்றோடு பத்தொன்பது நாள்.
இதை எந்த நிறுத்தத்தில் இறங்கிச் சொல்வது?

காரைக்குடி நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில்
எனக்குக் கணக்கு இருக்கிறது, சம்பளத்தில் தருவதாக.
கோட்டையூரில் ஒரு கருவேலம் புதர்.
பள்ளத்தூர் டீக்கடைக்காரர் மைத்துனன் முறை,
சாவியை ஆணியில் மாட்டி வைத்திருப்பார்.
அதைத் தாண்டினால் கானாடுகாத்தான் வரை
வேகத்தடைகள் மட்டும்.

பஞ்சவர்ணம் மாதுளந்தோல் காய்ச்சித் தந்தாள்.
மோரில் வெந்தயம். ஜவ்வரிசிக் கஞ்சி.
டிரைவர் சாத்தையா, சோடாவில் எலுமிச்சை என்றார்.
எல்லாம் உள்ளே போய்
நலம் விசாரித்துவிட்டு
உடனே கிளம்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை, பத்து இருபது நடை.
கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும்
கம்பியைப் பிடித்த கை வியர்த்தது.
ஒரே விசில்.
நிறுத்தமில்லாத இடத்தில் சாத்தையா நிறுத்தினார்.
எதிரில் ஒரு பெரிய வீடு,
படியில் பீடியோடு காவலாளி.
"அண்ணே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.
என் முகத்தைப் பார்த்தார்.
பீடியை அணைக்காமலே கதவைத் தள்ளினார்.
"நேரா போ. கடைசிக்கு."

முகப்பு. வளவு.
இரண்டாங்கட்டு.
ஒரு தேக்குத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரமாம்.
அது வந்த தூரம் எனக்கு இன்னும் மிச்சம்.
ஆளுயரக் கண்ணாடிக்குள் ஒருத்தன்
தோல்பையை வயிற்றோடு அணைத்து
குனிந்து ஓடினான். திருடன் மாதிரி இருந்தான்.
மூன்றாங்கட்டு.
ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு.
கட்டியவர்களுக்கு
ஒரு நாள்கூட வயிறு போனதில்லையா?

போய்ச் சேர்ந்தேன்.

பித்தளைத் தாழ்ப்பாள்.
குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது.
கொஞ்சம் அழுதேன், தண்ணீரைத் திறந்துவிட்டு.

திரும்பி வந்தபோது
பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.
கல்லூரிப் பெண் ஒருத்தி கைக்குட்டை முடிச்சை நீட்டினாள்:
"இடையில ஏறினவங்க காசுண்ணே, நாப்பத்தாறு ரூபா.
நீலச் சட்டை இன்னும் ரெண்டு ரூபா தரணும்."
நீலச் சட்டை தந்தார்.
சாத்தையா எதுவும் கேட்காமல் கியரைப் போட்டார்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.
"சளிக்கு என்ன சாப்பிட்டீங்க?"
மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டுப் பட்டையை
தோல்பையிலிருந்து எடுத்தேன்.
பேர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது.
"மூணு நாளைக்குத்தான் குடுத்தாங்க. நல்லா கேட்டுச்சு.
அதனால நானே இன்னும் ஏழு நாளைக்கு வாங்குனேன்."
பேனாவைக் கீழே வைத்தார்.
"சளி தானா போயிருக்கும்.
இது வயித்துல இருந்த நல்லதையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிருச்சு."
கூட்டிப்போனது திரும்பி வருமா என்றேன்.
வரும், மெதுவாக, என்றார்.
உப்புசர்க்கரைப் பொடி ஆறு பாக்கெட்,
ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா.
அதில் என்ன கொண்டுவர வேண்டும் என்பதை
தாழ்ந்த குரலில் சொன்னார்,
என் மானத்தை அவர் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.
முடிவு திங்கட்கிழமை.

இன்று செவ்வாய். முடிவு வரவில்லை,
இயந்திரம் பழுதாம்.
காலையிலிருந்து இரண்டே தடவை.

கானாடுகாத்தான். பத்து இருபது.
பெரிய வீட்டுக் கதவு
ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.
படியில் பீடி.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சாத்தையா வேகத்தைக் குறைத்து
கண்ணாடியில் என் முகத்தைத் தேடினார்.

ரெண்டு விசில் கொடுத்தேன்.
போகலாம்.