காலிக் கட்டம்

மூன்று பத்தி அட்டவணை:
விலங்கு, லத்தீன், தமிழ்.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
சொல்லுக்குப் பன்னிரண்டு காசு.

யானைக்கு எதிரே பர்ரீரே.
எனக்கு அது ‘பாரீரே’ என்றே கேட்கிறது,
தேக்காவில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து
ஊரைக் கூப்பிடுவதுபோல்.
பிளிறு என்று தட்டினேன்.
குதிரைக்குக் கனை. மயிலுக்கு அகவு.
காகத்துக்குக் கரை;
சன்னலுக்கு வெளியே குளிர்சாதனப் பெட்டிமேல் ஒன்று
சரிபார்த்துக் கொடுத்தது.
சிங்கத்துக்கு முழங்கு
(நம் ஊர்ச் சிங்கம் தண்ணீர்தான் துப்பும்).

பதினேழாம் வரிசையில் நீர்நாய்.
லத்தீனும் காலி, தமிழும் காலி.
பங்காளி மரநாய்க்கு மட்டும் திரிந்த்ராரே.
திரிந்தாரே…
யார்? எங்கே?

கதவைப் பூட்டிவிட்டுக் காலாங் ஆற்றுக்குப் போனேன்.
பீஷான் பாலத்தடியில் எட்டுப் பேர்.
போன வாரம் ஒன்பது என்றார்
மெதுவோட்டத்தை நிறுத்திய திரு லோ.
ஏழு பேர் சிமெண்டுப் படியில் உருண்டு
ஈரம் போக்கிக்கொண்டிருக்க
ஒன்று மட்டும் ஆற்றைப் பார்த்து,
பெருவிரைவு ரயில் வளையும்போது
தண்டவாளம் எழுப்புமே, அதுபோல,
இல்லை,
அதைவிடச் சின்னதாய்,
கூப்பிட்டது.
நிறுத்திக் காது கொடுத்தது.
மறுபடி.

அந்த நிறுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும்
ஒரு வினை வேண்டும்.

கிடைக்கவில்லை.
கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு
பன்னிரண்டு காசு குறைத்து
பில் அனுப்பினேன்.