“இது” என்றால் எது, மிஸ்?

அறிவியல் நகரில் காலை எட்டு மணி.
கரும்பலகையில் ஒரு குளம் கீறினேன்,
அணைக்கட்டு, துருசு, வாய்க்கால்.
“இதில இருந்து தண்ணி இங்க வரும்,
இதை இதால பெருக்கினா இது”
என்று வெண்கட்டியால் தட்டினேன்,
பதினொரு வருசமாகத் தட்டுகிற இடத்தில்.

பின்வாங்கிலிருந்து சாருஜன் கேட்டான்:
“இது என்றால் எது, மிஸ்?”

ஒருவரும் சிரிக்கவில்லை.
அவனுடைய கண்களைப் பற்றி நான் விசாரித்ததில்லை.
இரண்டாயிரத்து ஒன்பதில் ஏழு வயது என்றால்
இந்தப் பக்கத்தில் மிச்சத்தைக் கேட்பதில்லை.

திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.
எத்தனை இது.

“துருசின் வாய்க்கு மேலே
நிற்கிற நீரின் உயரம்” என்றேன்.
நாக்கு பழகாத பாதையில் நடந்தது.
பாதிப் பாடம்தான் முடிந்தது அன்றைக்கு.
ஆனால் அனுராதபுரத்துப் பியூமி,
என் தமிழும் ஆங்கிலமும் கலந்த வேகத்தில்
இரண்டு வருசமாகப் பேனையை மூடி வைத்திருந்தவள்,
எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்படிச் சொன்னால் போனிலும் விளங்கும்,
பதிந்து அனுப்புங்கோ என்றது தயனற்றா.
புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலையில்
இரவு வேலை முடித்து
முதல் பஸ் பிடித்து, பரந்தனில் மாறி,
எவ்வளவு ஓடினாலும் எட்டே முக்கால்.
வரவு ஐம்பத்திரண்டு வீதம்.
எண்பது இல்லாவிட்டால் பரீட்சை இல்லை.

பீடச் சபையில் கேட்டேன்,
ஒன்பதுக்குத் தொடங்கலாமா,
கேட்டுப் படித்ததையும் வரவாக எடுக்கலாமா.
“தரம்” என்றார் ஒருவர். தேநீர் வந்தது.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.
கடைசி வாய்க்கால் வயலையும் எண்ணித்தானே
குளம் திறக்கிற நாளைக் குறிக்கிறோம் என்பது
படியிறங்கும்போதுதான்
எனக்கு வாயில் வந்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பதிந்தேன்.
கூரைத் தகரத்தில் மழை,
ஒரு கதவை, அதன் அகலத்தை,
கதவுக்குப் பின்னால் காத்திருக்கிற நீரை
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

விடிய முதல் தயனற்றாவின் குரல், பஸ் இரைச்சலோடு:
“பதினேழாவது நிமிசத்தில
பல்லி சொன்னது மிஸ்.
அப்ப சமன்பாடு சரிதான்.”

ஏழரைக்குச் சாருஜன்:
“பல்லியை நம்பாதேங்கோ.
வர்க்கமூலத்தை விட்டிட்டீங்கள்.”

பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.

வரவுப் புத்தகத்தைத் திறந்தேன்.
இதுக்கு அதில் நிரல் இல்லை.